மடிக்கும் மூட்டைக்கும் ஒரே தண்டனை

திருடுகிறவன் கணக்குப் பார்த்துத்தான் திருடுகிறான் என்று சொல்ல இப்போது தனிப் படிப்பே இருக்கிறதாம். ஒரு வாரப் பத்திரிகையில் வாசித்தேன். கிடைக்கப்போவது என்ன, மாட்டினால் போகப்போவது என்ன என்று இரண்டையும் மனசுக்குள் எடை போடுவானாம். லாபம் என்று பட்டால் கை வைப்பானாம், நஷ்டம் என்று பட்டால் பேசாமல் போய்விடுவானாம். ஆகவே தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறைந்துவிடுமாம். வாசித்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. இதே பேச்சை ராயபுரத்தில் ஓர் அரிசிக் கிடங்கின் வாசலில் நின்றுகொண்டு காது புளிக்கப் புளிக்கக் கேட்டவள் நான்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. கப்பலில் வந்து இறங்கும் அரிசியைச் சேர்த்து வைக்க, ரயிலடிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கம்பெனியார் கிடங்கு வைத்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் ஆண்கள். தரையில் சிந்தினதைக் கூட்டி வாருகிறவர்கள் பெண்கள். என் வீட்டுக்காரர் அங்கேதான் மூட்டை தூக்கினார். ஒருநாள் அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்தது, போய்ச் சேர்ந்தார். நான் எட்டாவது வரை படித்தவள் என்பதால் கம்பெனியில் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். சாயங்காலம் வேலை விட்டுப் போகிற பெண்களைக் கேட்டில் நிறுத்தி, தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். சோதனைக்காரி என்று பேர். நல்ல பேர் எடுக்கிற உத்தியோகமா அது? முதுகுக்குப் பின்னால் ஆயிரம் பேசினார்கள். பேசினால் பேசட்டும், எனக்கும் வாய் இருந்தது.

என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், அதே கிடங்கில் கூட்டி வாருகிறவள். கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ ஓடிவிட்டான். ஒரே ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாத்தனாரும் அண்ணியும் ஊரில் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் நாங்களும் இருந்தோம். காலையில் தண்ணீர்ப் பானைக்காகச் சண்டை போடுவோம், மத்தியானம் ஒரே தூக்கில் கஞ்சி குடிப்போம்.

வேலைக்கு வருகிறவர்கள் பித்தளைப் பில்லை ஒன்றை ரவிக்கையில் குத்திக்கொள்ள வேண்டும். பில்லை இருந்தால் கேட்டுக்குள்ளே விடுவார்கள், இல்லாவிட்டால் வெளியேதான். என் நாத்தனாரின் பில்லை ஓர் ஓரத்தில் நசுங்கியிருக்கும். அவள் மகள் விளையாட்டாக அம்மிக் குழவியால் தட்டி வைத்த வேலை அது. அதற்காகக் குழந்தையை அடித்து, அப்புறம் இவளே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பில்லைதான் அவளுக்குச் சோறு.

இந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. தரையில் சிந்தின அரிசியைக் கூட்டி, கல்லும் சாக்கு நாரும் போகப் புடைத்து, நல்லதைக் கம்பெனிக்கு அளந்து கொடுத்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுகிற நொய்யும் தூசியும் வாரினவளுக்கு. மடியில் கட்டிக்கொண்டு போகலாம். மடி அளவுக்கு மேலே கூடாது. என் வேலையும் அதுதான்: மடிக்குமேல் இருக்கிறதா என்று பார்ப்பது. மடியை நான் தொட்டுப் பார்ப்பேன், அவிழ்க்கச் சொல்ல மாட்டேன். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு கப்பல் அரிசி முழுக்க ஏறி இறங்கி முடிந்ததும், கிடங்கைப் பின் சுவரிலிருந்து கூட்டிக்கொண்டே வாசலுக்கு வருவார்கள். வாசற்படியில் கடைசியாக மிஞ்சுகிற ஒரு பிடிக்கு வாசப்பிடி என்று பேர். வாசலைக் கூட்டினவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொங்கி, தெருக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு வாய் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த கப்பல் வரும். கொடுக்காவிட்டால் வராது. கப்பல் இல்லாத நாளில் வேலை கிடையாது, வேலை இல்லாத நாளில் கூலி கிடையாது. ஆகவே அந்தப் பிடியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசல் கூட்டுகிறவள் என் நாத்தனார்.

அப்போதுதான் புதிதாக ஓர் ஆபீசர் வந்தார், காவல் பொறுப்புக்கு. பட்டாளத்திலிருந்து வந்த மனுஷர். மோசமானவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, யாரிடமும் ஒரு வெற்றிலை பாக்குகூட வாங்கினதில்லை. ஆனால் தனக்கு எல்லாம் தெரியும் என்கிற வியாதி இருந்தது. கேட்டில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவார்.

“பாரம்மா, மனுஷன் முட்டாள் இல்லை. ஒரு தட்டில் லாபம், ஒரு தட்டில் தண்டனை. எந்தத் தட்டு தாழுதோ அந்தப் பக்கம் போவான். தண்டனைத் தட்டில் நாம பாரத்தை ஏத்திட்டா, திருட்டுத் தானா நின்னுடும். போலீஸ் வேண்டாம், பூட்டு வேண்டாம்.”

“இங்க யாரு சார் திருடறாங்க?” என்று கேட்டேன்.

“மடியில் போறது என்ன?” என்றார். எனக்குப் பகீரென்றது.

மறுநாள் பெண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசினார். இனிமேல் மடியில் ஒரு மணி அரிசி இருந்தாலும் அது திருட்டு. ஒரு மணிக்கும் பில்லை பறிபோகும், ஒரு மூட்டைக்கும் பில்லை பறிபோகும். இத்தனை நாள் நீங்கள் செய்ததும் திருட்டுத்தான், மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனசோடு சொன்னார். அந்த வார்த்தையை அதுவரைக்கும் அவர்களைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. ஒருத்தியும் எதிர்த்துப் பேசவில்லை. வயசான ஒரு கிழவி மட்டும் துடைப்பத்தைத் தரையில் தட்டி, “அப்ப நாம எல்லாம் திருடிங்களாம்மே, இத்தினி நாளா தெரியாம பூட்ச்சே” என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் ஒரு மடியிலும் ஒன்றும் இல்லை. ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. “என்ன சொன்னேன்? கணக்கம்மா, எல்லாம் கணக்கு!” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். அதற்கப்புறம்தான் மூட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன.

சில மூட்டை பின் சுவர் வழியாகக் கடல் பக்கம் போயிற்று, சில மூட்டை லாரியிலேயே ஏறிப் போயிற்று. முன்பெல்லாம் அப்படி நடக்காது. நடக்காமல் பார்த்துக்கொண்டது காவல்காரர்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்கள் பீடி குடிக்கவே நேரம் போதாது. பார்த்துக்கொண்டது அந்தப் பெண்கள். எவனாவது சாக்கில் கத்தி வைத்தால், அத்தனை பேரும் கிடங்கே அதிரக் கத்துவார்கள். மூட்டை போனால் கேட்டில் கெடுபிடி வரும், கெடுபிடி வந்தால் மடி போய்விடும் என்கிற பயம். ஒருநாள் சாயங்காலம் அடுப்பு ஊதிக்கொண்டே என் நாத்தனார் சொன்னாள்.

“அண்ணி, இன்னிக்கு ஒரு பேமானி மூட்டைய இஸ்துகினு போறான். நான் பாத்துகினே கீறேன்.”

“கத்த வேண்டியதுதானேடி?”

“இன்னாத்துக்கு? முன்ன மூட்ட போனா எங்க மடிக்கு வேட்டு. இப்ப மடிதான் இல்லியே. போற மூட்ட போவட்டும்.”

அதோடும் நிற்கவில்லை. கூட்டுகிற பெண்களிலேயே சிலர் மூட்டைக்காரர்களுக்கு ஒத்தாசை செய்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒருத்தியைக் கேட்டில் பிடித்துத் தனியாக வைத்துக் கேட்டேன். அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னாள்: “மடிக்கும் பில்லை போவுது, மூட்டைக்கும் பில்லை போவுது. மடிய எட்த்துகினு மாட்றதுக்கு நான் இன்னா லூசா?”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் ஆபீசரின் கணக்குத்தான். அவர் போட்டுக் கொடுத்த கணக்கை அவள் சரியாகப் போட்டாள், அவ்வளவுதான். முன்பு மூட்டையில் கை வைக்காமல் இருந்ததற்குப் பில்லை மட்டும் காரணம் இல்லை, நாலு பேர் திருடி என்று சொல்லிவிடுவார்களே என்கிற மானம் இருந்தது. அந்தப் பேரைத்தான் அவர் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டாரே! ஏற்கெனவே திருடியாகிவிட்டவளுக்கு அப்புறம் மடி என்ன, மூட்டை என்ன? இதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்படின்னா தண்டனை போதலைன்னு அர்த்தம்” என்றார். சுவரிலே போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் நாத்தனார் மூட்டைக்கும் போகவில்லை, மடிக்கும் போகவில்லை. பில்லை அவளுக்கு உயிர். காலையில் குத்திக்கொள்ளும்போது புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று குத்திக்கொள்வாள். “ரொம்பத்தான் மினுக்கறே” என்று நான் கிண்டல் செய்வேன். “இத்த வச்சிகினுதான் அண்ணி என் பொண்ணு படிக்குது” என்பாள்.

அந்தக் கப்பல் அரிசி ஒருநாள் முடிந்தது. கிடங்கைப் பின் சுவரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் பெண்கள் வரிசையாகக் கேட்டுக்கு வந்தபோது ஆபீசர் என் பக்கத்திலேயே நின்றார். தூரத்தில் என் நாத்தனார் நடந்து வந்தாள். இடது கை மடிமேல் இருந்தது. அடிப் பாவி, இன்றைக்கா!

அவள் என் முன்னால் வந்து நின்றாள். என் கை மடிமேல் பட்டது, முடிச்சு தட்டுப்பட்டது. நான் கையை எடுத்துக்கொண்டு, “போ” என்றேன்.

“நில்லு. அந்த முடிச்சை அவிழு” என்றார் ஆபீசர்.

அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசி. அதிலும் பாதி நொய், மண், சாக்கு நார்.

அவருடைய அறைக்குக் கூட்டிப் போனார், சோதனைக்காரி என்று என்னையும் வரச் சொன்னார். அரிசியை ஒரு காகிதத்தில் கொட்டி மேஜைமேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் அதையே பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே புரியவில்லை.

“பில்லை போகும்னு தெரியுமில்ல?”

“தெரியும், சார்.”

“இந்த ஒரு பிடி அழுக்கு அரிசிக்கு யாராவது வேலையை விடுவாங்களா? நீ பைத்தியக்காரி மாதிரியும் தெரியலை. அப்போ இதுக்குப் பின்னால வேற ஏதோ இருக்கு. இந்தப் பிடியைக் காட்டி என்னை இங்கே நிறுத்திட்டு, பின் சுவர்ல மூட்டை போகுது. அதானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பிடி எடுத்ததற்குக் கணக்கு இடிக்கிறதாம், அதனால் இவள் மூட்டை திருடிகளின் தலைவியாம்! நான் வாசப்பிடி சமாசாரத்தை மடமடவென்று சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “கதை சொல்லாதேம்மா” என்றார். அப்புறம் அவளிடம் திரும்பினார்.

“இப்படிப் பண்ணுவோம். மூட்டை எடுக்கறவங்க பேரைச் சொல்லு. பில்லை உனக்கே இருக்கட்டும். உனக்கு ஒரு குழந்தை இருக்கு. கணக்குப் பாரு.”

அவளுக்குப் பேர் தெரியும். எல்லாருக்கும்தான் தெரியும். சொல்லிவிடுடி, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு அந்தக் குழந்தையின் முகம்தான் தெரிந்தது, வேறு எவள் வீட்டு அடுப்பைப் பற்றியும் கவலை இல்லை.

அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள். “கணக்குப் பாத்துத்தான் சார் எட்த்தேன். எட்க்கலன்னா கப்பல் வராது. வரலன்னா அத்தினி பேர் வூட்லயும் அடுப்பு எரியாது. எட்த்தா எனக்கு ஒருத்திக்குத்தான் போவும். பேர சொன்னா அவுங்க வூட்லயும் அடுப்பு எரியாது. நாளைக்கி நான் எந்தத் தெருவுல நடக்கறது?”

ரவிக்கையிலிருந்து பில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “ஒரு பிடி எட்த்ததுக்கு இத எட்த்துக்கோ. மூட்டைக்கின்னு கேட்டா குட்க்க மாட்டேன். மூட்ட நான் எட்க்கல.”

போலீசுக்குக் கொடுக்காமல் விட்டதே தன் தயவு என்றார் அவர். தெருவில் நடந்து வரும்போது நான் அவளைக் கண்டபடி திட்டினேன். அறிவு இருக்குதாடி, கப்பல் என்ன உன் மடியைப் பார்த்துக்கொண்டா வருது, அதை ஓட்டறவனுக்கு உன் வாசப்பிடி தெரியுமாடி என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன்.  வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அவளுக்கு மார்பிலிருந்து பில்லையைக் கழற்றக் கை போயிற்று. இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

கரையில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்க ஆரம்பித்தாள். கூடைக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கப்பல் வந்தது. வாசப்பிடி ஆபீசர் மேஜையிலேயே பூச்சி பிடித்துக் கிடக்க, கப்பல் பாட்டுக்கு வந்தது. “பார்த்தாயா?” என்று ஆபீசர் என்னைக் கேட்டார். பார்த்தேன் என்றேன். மூட்டைகளும் போய்க்கொண்டே இருந்தன. மேலிடத்தில் சத்தம் போட்டு அவரை வேறு எங்கோ மாற்றினார்கள். அதற்கப்புறம் யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் ரத்து செய்யவும் இல்லை. ஒருநாள் ஒருத்தி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள், நான் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டேன். மறுநாள் எல்லாரும் கட்டிக்கொண்டு வந்தார்கள். எவனாவது சாக்கில் கை வைத்தால் உள்ளேயிருந்து மறுபடியும் கூச்சல் கேட்டது. என் நாத்தனாரின் பில்லை மட்டும் திரும்ப வரவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்து வாசல் கூட்ட வைத்தார்கள். நசுங்கின ஓரம், எனக்கு அடையாளம் தெரியாதா?

அந்தக் கப்பல் அரிசி முடிகிற நாளில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிடங்குக்குள் போய், வாசல் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி என் மடியில் முடிந்துகொண்டேன். சோதனைக்காரியைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து, மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த என் நாத்தனாரின் முன்னால் முடிச்சை அவிழ்த்து வைத்தேன்.

“இந்தாடி. உன் வாசப்பிடி. உனக்குச் சேர வேண்டியது.”

அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாரு வாரினது?”

“நான்தான் எடுத்தேன்.”

“வாரினியா, எட்த்தியா?”

 அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த முடிச்சை மறுபடியும் கட்டி என் மடியிலேயே வைத்தாள்.

“தொடப்பம் புட்ச்சவ எட்த்தா அது வாசப்பிடி. நீ எட்த்தா திருட்டு, அண்ணி. வூட்ல வைக்காதே. கொண்டும்போயி எட்த்த எடத்துலயே போடு.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை நாளில் அவள் என்னிடம் அவ்வளவு சாந்தமாகப் பேசினது இல்லை.

வெறும் சாக்குகளை உதறிக் கட்டுகிற வேலை மறுநாளும் பாக்கி இருந்தது. காலையில் மடியில் அரிசியோடு வேலைக்குப் போனேன். உள்ளே வருகிறவர்களை யாரும் தடவிப் பார்ப்பதில்லை, ஆனாலும் மடியைக் கையால் மறைத்துக்கொண்டே நடந்தேன். அந்தக் கிடங்கிலிருந்து வெளியே அரிசி கடத்தினவர்கள் எத்தனையோ பேர், உள்ளே கடத்தினவள் நான் ஒருத்திதான். யாரும் இல்லாத சமயம் பார்த்து வாசற்படியில் கொட்டிவிட்டு வந்தேன். தண்டையார்பேட்டைப் பெண் துடைப்பத்தோடு வந்து, “நேத்தே கூட்னேனே, இது எங்கேர்ந்து வந்துது?” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வாரினாள்.

சாயங்காலம் அவள் என் முன்னால் வந்து நின்றாள். ரவிக்கையில் ஓரம் நசுங்கின பில்லை இருந்தது. நான் மடியைத் தொட்டேன்.

“வாசப்பிடி அக்கா, நான்தான் வாரினேன்” என்றாள்.

“போம்மா, ஜல்தி போய்ப் பொங்கு” என்று சொல்லி அனுப்பினேன்.